ஜாவா கடலோரக் கிராமத்துக்குத் திரும்பும் எங்கள் வீட்டு ஆன்ட்டி: சேமிப்பை எதில் போடச் சொல்வது?

மாலா_யீஷூன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், சுருக்கிச் சொன்னால் விஷயம் புரியாது.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கும் பணிப்பெண், வரும் மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு போய்விடுகிறார். பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். வயது 41. என் சின்ன மகள் பிறந்து நாற்பது நாள் கழித்து வந்தவர். மாமியார் கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் பார்த்துக்கொண்டார். மாமியாருக்கு மலாய் நன்றாக வரும், இரண்டு பேரும் ராத்திரி வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். அதனால் 'அது அவர் பாடு' என்று என்னால் விட முடியவில்லை.

அவர் ஊர் இந்தோனேசியாவின் மத்திய ஜாவா, டெமாக் மாவட்டம், சாயூங் பக்கம். செமாராங் நகரத்திலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம்தான். சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் அப்புறம் மண்ணையே காணோம். போன ஜூன் விடுமுறையில் குடும்பமாகப் போய் இரண்டு இரவு தங்கினோம். மோட்டார் சைக்கிளை மேட்டில் நிறுத்திவிட்டு, பலகை அடித்த நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் தண்ணீர். வீட்டுத் தரையை இதுவரை மூன்று தடவை மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். கூரை மட்டும் பழைய இடத்திலேயே இருப்பதால் என் கணவரால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை, ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. கடல் ஏறி வரும் தண்ணீரை 'ரோப்' என்கிறார்கள், மாதத்தில் பல நாள் வருகிறது. காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் காலணியைப் பையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

ஆன்ட்டியின் அம்மாவுக்கு 68 வயது. சின்ன வயதில் அங்கே நாற்று நட்டிருக்கிறாராம், தென்னை மரம் வரிசையாக இருந்ததாம். அந்த அம்மா கையைக் காட்டிய இடத்தில் இப்போது தண்ணீர்தான் கிடக்கிறது. வயல் முதலில் மீன் குட்டையாகி, அப்புறம் குட்டையும் கடலோடு கலந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பியைப் படிக்க வைத்து, அப்பாவின் மருத்துவச் செலவைப் பார்த்து, மகனுக்கும் அனுப்பியது போக ஆன்ட்டியின் கையில் 18,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கு 12,000 ரூப்பியா என்று வைத்தால்கூட 21 கோடி ரூப்பியாவுக்கு மேல். உறவுக்காரர் ஒருவர் மீன் குட்டையை மலிவாக விற்கிறார், வாங்கிப் போடு என்று தம்பி சொல்கிறார். வீட்டை இன்னொரு தடவை உயர்த்த வேண்டும் என்கிறார் அம்மா. ஆன்ட்டிக்குச் சாப்பாட்டுக் கடை வைக்க ஆசை. மகனுக்கு 17 வயது, எட்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. அவன் தைவான் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறான்.

அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த ஊரில் காசு போடுவது புத்திசாலித்தனமா? இன்னும் பத்து வருடத்தில் அந்த ஊர் இருக்குமா?


கரைக்காவல்_ஜூரோங்:

மாலா அக்கா, நான் கடலோரக் கட்டுமான வேலையில் 14 வருடமாக இருக்கிறேன், செமாராங்குக்கு இரண்டு முறை வேலை விஷயமாகப் போயிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடல் மட்டம் உயர்வதுதான் காரணம் என்று நாம் நினைப்போம். உலக அளவில் இப்போது அது வருடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். செமாராங், டெமாக் கரையில் சில இடங்களில் நிலம் வருடத்துக்கு 8 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. அதாவது கடல் ஏறுவதைப்போல இருபது மடங்கு வேகத்தில் தரை கீழே போகிறது. அடியில் இருப்பது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இளம் களிமண். ஆலைகளும் வீடுகளும் ஆழ்குழாயில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அது பிழிந்த பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மேலே கட்டும் கட்டடத்தின் கனம் இன்னும் அமுக்குகிறது. இதற்கு முன்பே, 80களிலும் 90களிலும் இறால் குட்டைக்காக அலையாத்திக் காட்டை வெட்டிவிட்டார்கள், அலையைத் தாங்க முன்னால் ஒன்றும் இல்லை.

அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே ஊர் பெயர்ந்திருக்கிறது. சாயூங்கில் பெடோனோ என்ற கிராமம், அதில் தம்பாக்சாரி குடியிருப்பை 1999இல் உள்ளே மாற்றினார்கள், ரெஜோசாரி செனிக்கை 2006இல். பக்கத்துத் திம்புல்ஸ்லோகோ இன்னும் இருக்கிறது, நீங்கள் பார்த்த மாதிரியேதான், பலகை நடைபாதையும் பாதி உயர வீடுகளும்.

ஒன்றும் செய்யாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2015இல் வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பும் டச்சு நிறுவனங்களும் இந்தோனேசிய அரசும் சேர்ந்து டெமாக் கரையில் ஒரு வேலை தொடங்கினார்கள். மூங்கிலும் சுள்ளியும் வைத்து, தண்ணீரை உள்ளே விட்டு வண்டலை மட்டும் பிடித்து வைக்கும் தடுப்புகள். வண்டல் சேர்ந்தால் அலையாத்தி தானாக முளைக்கும். சில இடத்தில் நன்றாகவே முளைத்தது, நான் கண்ணால் பார்த்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் மரத்தைத் துளைக்கும் கடல் புழு மூங்கிலைத் தின்றது, நிலமோ இறங்கிக்கொண்டே இருந்தது. நிலத்தடி நீர் எடுப்பதை நிறுத்தாத வரை வேறு எதைச் செய்தாலும் போதாது.

அப்புறம் செமாராங்–டெமாக் விரைவுச்சாலை. சாயூங்கிலிருந்து டெமாக் வரைக்கும் உள்ள பகுதியை 2023 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். செமாராங் பக்கப் பகுதி கடலுக்குள் போகிறது, அதுவே கடல் சுவராகவும் இருக்கும் என்பது திட்டம். அடியில் மூங்கிலைப் பாய் பாயாக அடுக்கி அதன்மேல் கட்டுகிறார்கள், அவ்வளவு மெத்தையான மண். ஆன்ட்டியின் வீடு அந்தச் சுவருக்கு உள்ளே வருகிறதா வெளியே நிற்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். வெளியே என்றால் அந்தச் சுவரால் அவருக்கு ஒரு பயனும் கிடையாது, தண்ணீர் கூடத்தான் செய்யும்.

சிங்கப்பூரிலும் இதே கவலைதான். 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ, கரையைக் காக்க 100 வருடத்தில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்றார். சாயூங்கில் அந்தச் செலவை ஒவ்வொரு குடும்பமும் மண் மூட்டையாகத் தன் வீட்டுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அங்கே போனதிலிருந்து உறுத்துவது இதுதான்.

பத்து வருடம் ஊர் இருக்குமா என்றால், ஆட்கள் இருப்பார்கள், நிலம் இருக்காது. வீட்டை உயர்த்துவதாக இருந்தால் மண்ணும் சிமெண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கனம் கூடக்கூட வேகமாக இறங்கும். மரக்கால் நட்டுப் பலகைத் தளம் போடுவது இலேசு, செலவும் குறைவு, பிறகு தூக்கிக் கட்டவும் முடியும்.


மேடான்காரன்:

அக்கா, நான் சுமத்ராவில் மேடானில் பிறந்தவன். கொள்ளுத்தாத்தா டெலி புகையிலைத் தோட்டத்துக்கு வந்த ஆள், எங்கள் வீடு கம்போங் மெட்ராஸில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கம். சிங்கப்பூரில் வேலைக்கு வந்து 12 வருடம். ரோப் எங்களுக்கும் தெரியும், பெலாவான் துறைமுகத்துப் பக்கம் என் அத்தை வீட்டில் சாமான் எல்லாம் செங்கல் மேல்தான் நிற்கும்.

குட்டை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், தயவுசெய்து. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, நிலம் அழிந்துபோனால் அதன் மேல் உள்ள உரிமையும் போய்விடும். 'தானா முஸ்னா' என்பார்கள். கடல் முழுங்கிய குட்டைக்குக் கையில் பத்திரம் இருந்தும் பயன் இல்லாமல் போகலாம். விரைவுச்சாலைக்கு நிலம் எடுத்தபோது அந்தப் பகுதியில் இதனால்தான் பெரிய வழக்காடல். மலிவாக விற்கிறார் என்றால் ஏன் மலிவு என்று யோசியுங்கள். பலர் 'லெட்டர் சி' என்று கிராம ஆபீஸ் குறிப்பேட்டு நகலைக் காட்டி விற்பார்கள், அது உரிமைச் சான்றிதழ் கிடையாது. உள்நாட்டுப் பக்கம் எதையாவது வாங்குவதானாலும் மாவட்ட நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் முன்பணமே கொடுக்க வேண்டும். பாசத்தில் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, வெளிநாட்டவர் அங்கே முழு உரிமையோடு நிலம் வைத்திருக்க முடியாது, வேறொருவர் பெயரில் மறைத்து வாங்கினால் செல்லாது.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கசப்பானது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பெண்ணை ஊரே வங்கியாகப் பார்க்கும். ஜாவாவில் கல்யாணம், விருத்தசேதனம், பிள்ளை பிறப்பு எல்லாவற்றுக்கும் காசு வைக்க வேண்டும், நம் மொய் மாதிரியே கணக்கு வைத்துக் கேட்பார்கள். தம்பிக்கு ஒரு மோட்டார் சைக்கிள், மாமாவுக்குக் கைமாற்று, இப்படியே ஒரு வருடத்தில் கரைந்து, பிறகு மறுபடி ஏஜென்சி வாசலில் வந்து நின்றவர்களை நான் இங்கே சிட்டி பிளாசா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. பாதியையாவது ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாத வைப்பில் போடச் சொல்லுங்கள்.

ஆலை வேலை கிடைக்குமா என்று யாராவது கேட்பார்கள். சாலையோரம் ஆலைகள் உண்டு, டெமாக்கின் 2025 குறைந்தபட்ச மாதச் சம்பளம் 29 லட்சத்து 40 ஆயிரம் ரூப்பியா, நம் காசில் 240 வெள்ளி வரும். ஆனால் அங்கே ஆள் எடுக்கும்போது வயதைப் பார்ப்பார்கள், 41 என்றால் கஷ்டம்.

நல்ல பக்கமும் இருக்கிறது. திரும்பியதும் முதல் வேலையாக பிபிஜேஎஸ் என்ற அரசு மருத்துவக் காப்புறுதியைப் புதுப்பிக்கட்டும், மூன்றாம் வகுப்புக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 35,000 ரூப்பியா, மூன்று வெள்ளிகூட இல்லை. அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டட்டும். அப்பா வைத்தியத்துக்குப் போன காசு நினைவிருக்கிறது அல்லவா. சின்னத் தொழிலுக்கு 'கூர்' என்ற அரசுச் சலுகைக் கடன் இருக்கிறது, வட்டி வருடத்துக்கு 6 விழுக்காடு, தனியார் கடன்காரனிடம் போகவே தேவையில்லை.


செங்காங்_வாசகி:

இவ்வளவு சிரமம் எதற்கு, இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிடுங்களேன். இன்னும் கொஞ்சம் சேரும், உங்களுக்கும் வசதி. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.


மாலா_யீஷூன்:

வாசகி, நானும் அதைக் கேட்டேன், ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டேன். மகன் வளர்ந்ததை போனில்தான் பார்த்தேன், இனி முடியாது என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.


நாகை_செல்வம்:

அக்கா, நான் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரம். உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ஊரையே யாரோ எழுதியது மாதிரி இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் இறால் பண்ணை வந்தது. அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்த எட்டு மா நிலத்தில் நாலு மாவைக் குட்டை வெட்டினார். முதல் அறுவடைக்குக் கையில் வந்த காசை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அடுத்த தடவை கடன் வாங்கிக் குஞ்சு விட்டார். 94, 95இல் வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. மூன்று நாளில் குட்டை முழுக்க இறால் கரை ஒதுங்கிச் செத்துக் கிடந்தது, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மிச்ச நாலு மாவிலும் உப்பு ஏறிவிட்டது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, கரையோரத்தில் பாரம்பரிய முறை தவிர்த்த பண்ணைகளை எடுக்கச் சொன்னார்கள். தீர்ப்பு வந்தது, எங்கள் மண் திரும்பி வரவில்லை. நான் சிங்கப்பூர் வந்ததற்கு அந்தக் குட்டைதான் காரணம்.

டெமாக்கிலும் அலையாத்தியை வெட்டிக் குட்டை போட்ட கதைதான் என்று மேலே அண்ணன் எழுதியிருக்கிறார். அங்கே இப்போது குட்டை வைத்திருப்பவர்கள் பால் கெண்டையும் இறாலும் கலந்து விடுவார்கள் என்று என்னோடு வேலை செய்யும் ஜாவாக்காரர் சொன்னார். வரப்பைச் சுற்றி வலை கட்டி வைப்பார்களாம், தண்ணீர் வரப்புக்கு மேல் போனாலும் மீன் ஓடாமல் இருக்க. ஒரு பெரிய ரோப் வந்து வலையைச் சாய்த்தால் ஆறு மாத உழைப்பு ஒரு ராத்திரியில் கடலுக்குப் போய்விடும். அந்தச் சூதாட்டத்தில் ஒன்பது வருடம் அடுத்தவர் வீட்டில் உழைத்த காசைப் போட வேண்டாம். தம்பிக்குக் கடல் தொழில்தான் தெரியும் என்றால் வேறு வழி இருக்கிறது. நிலம் போன இடத்தில் மூங்கில் நட்டுப் பச்சை மட்டி வளர்க்கிறார்கள், அதற்குத் தீவனச் செலவு கிடையாது. அதே மாவட்டத்தில் பெத்தாவாலாங் என்ற ஊரில் நீல நண்டு பெரிய தொழில், நண்டு வேகவைத்துச் சதை எடுக்கும் வேலையை முழுக்கப் பெண்கள் செய்கிறார்கள், அமெரிக்கா வரை போகிறது. எங்கும் மீன் பிடிப்பவனைவிட அதைக் கையில் வாங்கிப் பக்குவம் செய்பவருக்குத்தான் கொஞ்சமாவது நிற்கிறது. அங்கே பெண் வியாபாரிகளை 'பாக்குல்' என்பார்களாம், வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தங்களுக்கே போடச் சொல்வார்கள். எங்கள் ஊரிலும் இதேதான். ஆன்ட்டி கடன் வாங்கும் பக்கத்தில் நிற்காமல் மீன் வாங்கும் பக்கத்தில் நிற்கட்டும்.

பையன் விஷயம். ஜாவா வடகரைப் பையன்கள், டெகால், பெமாலாங் பக்கம் முக்கியமாக, தைவான் கப்பலுக்கு நிறையப் போகிறார்கள். ஆழ்கடல் கப்பலில் பல மாதம் கரையே பார்க்க மாட்டார்கள், ஏறுவதற்கு முன்பே ஏஜெண்டுக்குக் கடன்பட்டிருப்பார்கள், அடையாளக் கடிதம் எல்லாம் கேப்டன் கையில் இருக்கும். எல்லாக் கப்பலும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் 17 வயதில் வேண்டாம் அக்கா. படிப்பை முடித்து, மாலுமிக்கான அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டால் சரக்குக் கப்பலுக்கே முயற்சி செய்யலாம், அங்கே சட்டம் கொஞ்சம் எடுபடும்.

கடைசியாக ஒன்று. சுனாமிக்குப் பிறகு எங்களைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டி, ஆயா என்போம், வரவே மாட்டேன் என்றது. பகலில் கரையில் வலைக் கொட்டகையில் உட்காரும், ராத்திரி மட்டும் உள்ளே வந்து படுக்கும். நாலு வருடம் அப்படியே ஓடியது. அந்த அம்மாவிடமும் 'ஊரை விட்டு வா' என்று கேட்காமல், 'ராத்திரி படுக்க வா' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


பிடோக்_காசிம்:

சகோதரி, நான் டெமாக்குக்கு மூன்று தடவை ஜியாரத், அதாவது அடக்கத்தலங்களைத் தரிசிக்கப் போயிருக்கிறேன். ஜாவாவின் ஒன்பது வலிமார்களின் (இறைநேசர்களின்) அடக்கத்தலங்களைச் சுற்றி வருபவர்கள் எல்லாரும் டெமாக் வராமல் போக மாட்டார்கள். 15ஆம் நூற்றாண்டுப் பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது, அதில் ஒரு தூணை மரச் சீவல்களைச் சேர்த்தே அந்த ஒன்பது பேரில் ஒருவரான சுனான் காலிஜாகா செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவருடைய அடக்கத்தலம் நகரத்துக்குப் பக்கத்தில் காடிலாங்குவில். வருடம் முழுக்க பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும், ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆன்ட்டியின் ஊர்ப் பக்கமே பெடோனோவில் ஷேக் முட்ஸாகிர் அடக்கத்தலம் கடலுக்கு நடுவில் நிற்கிறது, சுற்றி இருந்த குடியிருப்பு போய்விட்டது, அது மட்டும் நிற்கிறது. நாகூரில் பிறந்த எனக்கு அந்த இடத்தில் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் அந்தக் கூட்டம் சாப்பிடுகிறது, வீட்டுக்கும் வாங்கிப் போகிறது. ஜம்பு, பிளிம்பிங் பழம் கூடை கூடையாக விற்கும். நான் ஒவ்வொரு தடவையும் வாங்கி வருவது முள் மிருதுவாகும்வரை பிரஷரில் வேகவைத்த பால் கெண்டை, 'பண்டெங் பிரெஸ்டோ' என்று அந்த வட்டாரமே அதற்குப் பேர் போனது. அந்த மீனுக்கு முள் ஏராளம், இப்படிச் செய்தால் முள்ளோடு மென்று சாப்பிடலாம், என் அம்மா எண்பது வயதில் சாப்பிட்டார்கள். ஆன்ட்டிக்குச் சமையல் கை இருந்தால் கடையைக் கிராமத்தில் வைக்காமல் காடிலாங்கு பாதையில் சின்னதாக வாடகைக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமத்துக் குட்டை மீனையே வாங்கி அங்கே விற்கலாம்.

மார்ச் வரை நேரம் இருக்கிறதே, இங்கே ஐடா என்ற அமைப்பு 2006இலிருந்து பணிப்பெண்களுக்குப் பண நிர்வாகம், சிறுதொழில் எல்லாம் ஞாயிறுகளில் சொல்லிக் கொடுக்கிறது. இப்போதே சேர்த்துவிடுங்கள்.


மாலா_யீஷூன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை எல்லாம் நேற்று ராத்திரி என் அரைகுறை மலாயில் ஆன்ட்டிக்குச் சொன்னேன். இரண்டு மணி நேரம் பேசினோம், பிள்ளைகளும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. குட்டை விற்கும் உறவுக்காரர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகப் போகிறார், அதனால்தான் விற்கிறார் என்று ஆன்ட்டியே சொன்னார். வாங்கக் கூடாது என்று தெரியும், தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். மேடான் தம்பி எழுதிய நிலச் சட்ட விஷயத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, சட்டமே இப்படி இருக்கிறது என்று சொன்னால் அவன் என்மேல் கோபப்பட மாட்டான் என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

வீடு கடல் சுவருக்கு வெளியேதான் வருகிறதாம். அம்மாவைக் கிளப்ப முடியாது. அப்பாவின் அடக்கம் அந்த ஊரில் இருக்கிறது, இடுகாட்டைச் சுற்றித் தண்ணீர். ரமலானுக்கு முந்தைய மாதம் ஊரே சேர்ந்து படகில் மண் கொண்டுபோய்ப் போட்டு மேடாக்குவார்கள். ஆகவே ஜூரோங் தம்பி சொன்ன மாதிரி மரத்தளம் மட்டும் போட்டுக் கொடுக்கப் போகிறார், அதற்கு 2,500 வெள்ளிக்கு மேல் இல்லை என்று அவரே வரம்பு வைத்துவிட்டார். செல்வம் தம்பி ஆயாவைப் பற்றி எழுதியதைச் சொன்னபோது அமைதியாகிவிட்டார். ரோப் வரும் ராத்திரிகளில் மட்டும் டெமாக் நகரத்துக்கு வந்து படுக்க அம்மா சம்மதிக்கலாம் என்கிறார்.

கடை யோசனைதான் அவரை எழுந்து உட்கார வைத்தது. திருமணத்துக்கு முன்பு இரண்டு வருடம் ஜுவானா என்ற ஊரில் மீன் பக்குவம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தாராம், ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை! நானும் கேட்டதில்லை. காசிம் பாய், காடிலாங்கு வாடகை விசாரிக்க ஆன்ட்டியின் பள்ளித் தோழி ஒருவர் அங்கேயே இருக்கிறார். ஐடாவில் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போகிறோம், கட்டணம் நான் கட்டுகிறேன்.

மகன் விஷயம் இன்னும் முடியவில்லை. செல்வம் தம்பி, நீங்கள் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், உங்கள் ஜாவாக்கார நண்பரையும் அழைத்து வாருங்கள், அவர் போனில் அந்தப் பையனோடு பேசினால் அவன் கேட்பான் என்று ஆன்ட்டி நினைக்கிறார். என் பேச்சும் அவன் அம்மா பேச்சும் அவனிடம் எடுபடவில்லை.

இன்னொரு கேள்வி. பெரிய பிரஷர் குக்கர், கல்யாணச் சமையலுக்கு வைப்பது மாதிரி, தேக்காவில் (லிட்டில் இந்தியா) எந்தப் பக்கம் கிடைக்கும்? போகும்போது நான் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன்.


மேடான்காரன்:

அக்கா, குக்கரை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 'பாஞ்சி பிரெஸ்டோ' என்று கேட்டால் செமாராங்கிலேயே எல்லா அளவிலும் கிடைக்கும், மூடியின் ரப்பர் வளையம் போனால் மாற்றவும் அங்கேதான் ஆள் இருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் மெஷின் நல்லதாக ஒன்று வாங்குங்கள். ஜியாரத் வருபவர்கள் பஸ்ஸில் நாள் கணக்காகச் சுற்றுவார்கள், பையில் அடைத்த மீனைத்தான் நம்பி வாங்குவார்கள்.

கடைக்கு 'என்ஐபி' என்ற தொழில் பதிவு எண்ணை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம், ஹலால் சான்றிதழும் வேண்டும், இரண்டையும் படிவம் நிரப்ப நான் உதவுகிறேன், இங்கே தனிச்செய்தி அனுப்புங்கள். மின்சாரம் அங்கேயும் நம்மைப்போலத்தான், மெஷின் ஓடும். பிளக் மட்டும் அங்கே இரண்டு உருண்டைக் கம்பி. அடாப்டர் ஒன்று சேர்த்து வைத்துவிடுங்கள்.